வரிசையில் பதினொன்று

சோஃபியா
26 நவம்பர் 2001

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்துக்காக முதலில் என்னை மன்னித்துக்கொள். நீ மூன்று முறை போனை வைத்துவிட்டாய். மூன்றாவது முறை, "சொல்றதுக்கு ஏதாவது இருந்தா தாள்ல எழுது, அதுதானே உன் தொழில்" என்றாய். நீ திட்டத்தான் சொன்னாய் என்பது தெரியும். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். வாயால் பேச எனக்கு எப்போதும் வராது என்பது உனக்குத் தெரியாததா?

ராங்கெலின் விபத்தை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். இந்த மாதம் 14ஆம் தேதி கல் குவாரிச் சரிவில் லாரி நிற்காமல் ஓடியது என்றும், பின்னால் பத்து சிப்பாய்கள் இருந்தார்கள் என்றும், ராங்கெல் வண்டியைத் தன் பக்கமாகப் பாலச் சுவரில் மோதி நிறுத்தினான் என்றும் சொன்னாள். பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். அவனுக்கு முதுகெலும்பு போய்விட்டது என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே, நீயே அவன்கிட்ட கேளு" என்று வைத்துவிட்டாள். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் போனை வைத்துவிடுகிறார்கள்.

"உன் திட்டம்தான் ராங்கெலோட முதுகை ஒடச்சுது" என்று நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. பத்து நாளாக அதோடுதான் அலுவலகம் போய் வருகிறேன்.

உண்மை என்னவோ அதை மட்டும் எழுதுகிறேன். இங்கே ராணுவ அமைச்சகத்தில், படைகளின் பத்தாண்டுத் திட்டத்தில் வாகனங்கள் பற்றிய பகுதியை எழுதியவர்கள் மூவர். அவர்களில் நான் இளையவள். ப்ரெஸ்தா படைப்பிரிவின் லாரிகளுக்குப் பிரேக் மாற்றும் வேலையை 2006ஆம் ஆண்டுக் கட்டத்தில் வைத்தது நான்தான். வேறு யாரும் இல்லை. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ஏன் 2006 என்று நீ கேட்கவே இல்லை.

ராங்கெல் எப்படி இருக்கிறான்? உன் கல்யாணத்தில் சாட்சி நின்று, மேஜைமேல் ஏறி ஆடி, மேஜையையே உடைத்தவன் அவன். எந்த மருத்துவமனை என்றாவது எழுது.

உன்
நெவேனா

*

ப்ரெஸ்தா
5 டிசம்பர் 2001

நெவேனா,

கடிதம் வந்தது. உறைமேல் உன் அலுவலக முத்திரையைப் பார்த்து வாயிற்காவலில் இருந்தவன் எழுந்து நின்று கொடுத்தான். ஏதோ பெரிய உத்தரவு என்று நினைத்துவிட்டான், பாவம்.

ராங்கெலுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. போதுமா? அதை உன் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?

ஏன் 2006 என்று நான் கேட்கவில்லையாம். உன்னைத்தான் கேட்கவில்லை. தளபதியைக் கேட்டேன். மார்ச்சில் ஒரு தரம், ஜூனில் ஒரு தரம், அக்டோபரில் ஒரு தரம். நீங்கள் அனுப்பிய அந்தப் பளபளப்புப் புத்தகம் அவர் மேஜையில் இருக்கிறது. அட்டையில் புது ஹெல்மெட் போட்ட நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்த மாதிரி ஹெல்மெட் எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எங்கள் பையன்கள் பந்தயம் கட்டுவார்கள். அக்டோபரில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கேள்.

"ஐயா, ஏழாம் நம்பர் வண்டியில காத்து நிக்கல. பிரேக் ரெண்டு மிதி மிதிச்சா மூணாவது மிதிக்கு இல்ல."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "மொம்சில், இதோ போட்டிருக்கு பாரு. 2006."

"ஐயா, குவாரிச் சரிவு 2006 வரைக்கும் காத்திருக்காது."

"நீ திட்டத்துக்கு எதிரா பேசறியா?"

"நான் சரிவுக்கு எதிரா பேசறேன் ஐயா."

பக்கத்தில் நின்ற எழுத்தர் சிரித்துவிட்டான். அவனுக்கு இரண்டு நாள் விடுமுறை போனது. எனக்கு, "ஒன் தங்கச்சிதானே அங்க உக்காந்து எழுதுறா, அவகிட்ட போய்க் கேளு" என்ற பதில் கிடைத்தது.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தங்கையிடம் பிரேக் கேட்டுக் கையேந்துகிற அளவுக்கு நான் இன்னும் விழவில்லை.

கம்யூனிஸ்ட் காலத்துப் பழைய ராணுவமும் பொய் சொன்னது. ஐந்தாண்டுக்கு ஒரு பொய். ஆனால் அந்தப் பொய்யோடு சேர்ந்து ஒரு சரக்கு ரயிலும் வரும். அதில் பிரேக் லைனிங் இருக்கும். உங்கள் பொய் வழவழ தாளில் வருகிறது, அடுப்பு பற்றவைக்கக்கூட உதவாது.

அரசு வழக்கறிஞர் ஒருவர் வந்தார். ராங்கெல் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போனானாம். ஓட்டுநர் கவனக்குறைவாம். அந்த லாரி எழுபதில் போனால் நாங்கள் பாதிரியாரை அழைத்து மணி அடித்துக் கொண்டாடுவோம்.

நாளை நிகோலா திருநாள். மீன் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வந்து அதன் தலையைப் பிய்த்துத் தின்னும் ராங்கெல் இல்லை.

மொம்சில்

*

சோஃபியா
14 டிசம்பர் 2001

அண்ணா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். முகத்தை மறைக்கக் கழிப்பறைக்குப் போனேன். அழுததற்காக அல்ல. எனக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்கும், எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஏன் 2006 என்று சொல்கிறேன். கேட்காவிட்டாலும் கேள்.

இந்தத் திட்டம் வருவதற்கு முன்பு இங்கே என்ன நடந்தது தெரியுமா? ஒவ்வொரு டிசம்பரிலும் மிச்சப் பணத்தை யார் சத்தமாகக் கத்துகிறார்களோ அவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு தளபதி இரண்டு ஆட்டுக்குட்டி அனுப்பினார், அவருடைய பிரிவுக்கு டயர் போனது. உன் தளபதிக்குக் கத்தவும் தெரியாது, ஆடும் கிடையாது. நான் இந்த வேலைக்கு வந்தபோது, இனிமேல் கத்தாதவர்களுக்கும் கிடைக்கும், தாளில் எழுதினால் போதும் என்று நம்பினேன். கத்தத் தெரியாதவள் நான். அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

கர்னல் விளாதோவ் என் எதிர் மேஜை. பழைய ஆள். முதல் நாளே, "பொண்ணே, பத்து வருஷத் திட்டமா? அஞ்சு வருஷத் திட்டத்த நாலே வருஷத்துல முடிச்சவங்க நாங்க. தாள்ல" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் திட்டம் வேறு மாதிரி என்று நினைத்தேன்.

எங்கள் முறை எளிது. ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு படைப்பிரிவும் ஒரு படிவம் அனுப்பும். எத்தனை லாரி உண்டு, அவற்றில் எத்தனை ஓடும் நிலையில் 'வரிசையில்' உள்ளன. யாருடைய லாரிகள் மோசமோ அவர்களுக்கு முதலில் பழுது பார்ப்போம். நல்ல நிலையில் உள்ளவர்கள் காத்திருக்க வேண்டும். ஒன்பது படைப்பிரிவுகளை அப்படி அடுக்கினோம். ப்ரெஸ்தா ஒன்பதாவது. ஏன் என்றால் ப்ரெஸ்தா போல நலமான படைப்பிரிவு இந்த நாட்டிலேயே இல்லை!

எட்டுப் படிவங்களையும் நேற்று பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நான்கு ஆண்டுகள். உள்ளவை பதினொன்று, வரிசையில் பதினொன்று. உள்ளவை பதினொன்று, வரிசையில் பதினொன்று. எட்டு முறை. கீழே, பட்டறைப் பொறுப்பாளர் என்ற இடத்தில், எட்டு முறையும் உன் கையெழுத்து, 'ம'வுக்கு வாலை நீட்டிப் போடுவாயே அதே கையெழுத்து.

முதல் படிவம் என் மேஜைக்கு வந்தபோது அந்தக் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்து மேஜைக்காரியிடம், "இது எங்க அண்ணன்" என்றேன். நானாக வாய் திறந்து யாரிடமாவது பேசியது அந்த மாதத்தில் அது ஒன்றுதான்.

தளபதியிடம் மூன்று முறை வாயால் சொன்னாய். தாளில் எட்டு முறை வேறு மாதிரி சொன்னாய். நான் தாளைத்தான் படிக்கிறேன். நீ உண்மை எண்ணை எழுதியிருந்தால் பிரேக் இந்த வசந்தத்திலேயே வந்திருக்கும்.

என் திட்டம் முதுகை உடைத்தது என்றாய். என் திட்டம் உன் கையெழுத்தின்மேல் ஏறி நின்றது.

நெவேனா

*

ப்ரெஸ்தா
27 டிசம்பர் 2001

படித்த மேடமே,

கிறிஸ்துமஸ் மேஜையில் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அதை எடுத்துப் படித்தாள். பீன்ஸ் சூப்பை என் முன்னால் வைத்த வேகத்தில் பாதி மேஜைமேல் கொட்டியது.

ஆமாம். பதினொன்று என்று நான்தான் எழுதினேன். ஓடியது நாலு. ஏழு வண்டி பெயிண்ட் அடித்து நின்றது. சோதனைக்கு வருகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

இப்போது நீ கேள். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எரிபொருள் எப்படி வருகிறது? வரிசையில் உள்ள வண்டிக்கு இத்தனை லிட்டர் என்று. பதினொன்று எழுதினால் பதினொன்றுக்கு வரும். நாலு எழுதினால் நாலுக்கு. ஏழு ஓடாத வண்டியின் பெட்ரோலைக் காட்டுக்காரனிடம் கொடுத்து விறகு வாங்கினோம். படைக்குடியிருப்புக் கொதிகலன் 97இலேயே போய்விட்டது. அதுவும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, 2008. ஜனவரியில் இங்கே மைனஸ் பதினாறு டிகிரி. நூற்று நாற்பது பேர் தூங்கினார்கள், ஒருவனும் விறைத்துச் சாகவில்லை. அந்தப் பதினொன்றால்தான் சாகவில்லை. விபத்து நடந்த அன்று ஏழாம் நம்பரை ஏன் எடுத்தோம் தெரியுமா? ஓடுகிற நாலில் ஒன்றுக்கு அச்சு உடைந்தது. வரிசையில் பதினொன்று இருக்கும்போது வண்டி இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது. உன் புத்தகம், 41ஆம் பக்கம். ஓடும் வண்டி அறுபது சதவீதத்துக்குக் கீழே இருக்கிற படைப்பிரிவு 'மறுபரிசீலனை செய்யப்படும்'. நாங்கள் படிக்காதவர்கள், ஆனால் அந்தச் சொல் எங்களுக்குப் புரியும். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு படைப்பிரிவை மறுபரிசீலனை செய்தீர்கள். இப்போது அங்கே ஆடு மேய்கிறது. ரொட்டிக்கடைக்காரன் போனான், பள்ளிக்கூடம் போனது, மிச்சமிருந்த எட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தபால்காரன்கூடப் போய்விட்டான். பதினொன்றில் நாலு எத்தனை சதவீதம்? நீ பட்டதாரி, நீயே போடு.

உண்மையை எழுதியிருந்தால் பிரேக் வந்திருக்குமாம்! நாலு எழுதியிருந்தால் பூட்டு வந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உனக்குத் தெரியவரும். தளபதி ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். நவம்பர் 14ஆம் தேதி காலை ஏழாம் நம்பர் வண்டி வரிசையில் இருந்தது, பிரேக் சோதிக்கப்பட்டது, சரியாக இருந்தது. கீழே என் பெயர். பிப்ரவரி 4ஆம் தேதி சோஃபியாவில் ராணுவ விசாரணை. அதற்கு முன் கையெழுத்திட வேண்டும்.

போட்டால் குற்றம் ராங்கெல்மேல் போகும். பணியில் காயம்பட்டவனுக்கான ஓய்வூதியம் அவனுக்குக் கிடைக்காது. போடாவிட்டால் எட்டுப் பொய்ப் படிவத்துக்கும் நான் உள்ளே போக வேண்டும். ஐந்து வருஷம் என்கிறார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள்.

நான் போடப் போகிறேன்.

அந்தப் படிவங்களைத் திரும்பப் பெட்டியில் வை. யாரிடமும் காட்டாதே. இனிமேல் எழுதாதே.

மொம்சில்

*

சோஃபியா
9 ஜனவரி 2002

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உனக்குக் கீழ்ப்படிந்து நான் சாதித்தது ஒன்றும் இல்லை.

ராங்கெலை இங்கே மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். என் அலுவலகத்திலிருந்து இரண்டு டிராம். நீ சொல்லவில்லை. தேடிக் கண்டுபிடித்தேன். நேற்று போனேன். கதவுக்கு வெளியே இருபது நிமிடம் நின்றேன். செவிலி ஒருத்தி, "உள்ள போறியா, இல்ல கதவுக்கு முட்டு கொடுக்கறியா?" என்றாள்.

அவன் மனைவி தின்கா கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். உணர்ச்சி இல்லாத கால்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"வந்துட்டியா, பெரிய படிப்புக்காரி. உக்காரு. அழாத. இங்க அழறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன்."

"சும்மா இரு தின்கா" என்றான் ராங்கெல். மெலிந்துவிட்டான், ஆனால் குரல் அதே குரல். "நெவேனா, ஒரு சந்தேகம். உன் புத்தகத்துல சக்கர நாற்காலி எந்த வருஷம் வருது?"

அவனே சிரித்தான். சிரிக்கும்போது முதுகு வலித்து முகம் கோணியது. தின்கா எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது கேட்டேன், "எவ்வளவு வேகத்துல போனீங்க?" என்று.

"ரெண்டாவது கியர்ல. இருபதுகூட இல்ல. காலைல மொம்சில் வண்டிக் கதவைப் பிடிச்சிட்டு நின்னான். 'ராங்கெல், ரெண்டாவதுலயே எறக்கு, ஏழாம் நம்பர் நிக்காது'ன்னான். நான் ரெண்டாவதுலதான் எறக்கினேன். சுமையில கியர் எகிறிடுச்சு. அவ்வளவுதான்."

"இதை அந்த அரசு வழக்கறிஞர்கிட்ட சொன்னீங்களா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் அவன் அம்மாவைத் திட்டியதுபோல இருந்தது. "மோதிரம் மாத்தும்போது அவனுக்குப் பக்கத்துல நின்னவன் நான். அவன் சொன்னான்னு நான் சொன்னா அவன் தெரிஞ்சே அனுப்பினான்னு ஆகும். வேகமா போனேன்னே இருக்கட்டும்."

"தின்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உன் அண்ணன் வீட்டுக் கூரை இருக்குமா?"

கிளம்பும்போது, "அவன் ஏன் வரல?" என்று கேட்டான். கோபமாக அல்ல. அதுதான் தாங்கவில்லை. நான், "லீவு கிடைக்கல" என்றேன். பொய். நம் வீட்டில் இப்போது எல்லோரும் வரிசையில் பதினொன்றுதான்.

நீ அந்த வாக்குமூலத்தில் கையெழுத்திடும்போது ஒன்றை நினைத்துக்கொள். உன்னைக் காப்பாற்ற அவன் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான். உன்னுடையது அதன்மேல் ஏறி உட்காரும்.

நெவேனா

*

ப்ரெஸ்தா
17 ஜனவரி 2002

நீ ஏன் போனாய்?

யார் போகச் சொன்னது? அவன் கட்டில் பக்கத்தில் என் பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார உனக்கு என்ன உரிமை? நான் போகாதது லீவு கிடைக்காமல் அல்ல. இரண்டு தரம் ரயில் நிலையம் வரை போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். ரயில் போன பிறகு திரும்பி வந்தேன். வீட்டில், "பட்டறையில வேலை" என்றேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவன் யாரிடமும் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் தூங்குகிறேன். தூங்குகிறேனா என்ன.

உன் கை சுத்தம். நல்லது. வெப்பமான அறை, வெள்ளைத் தாள், பென்சில். நீ யாரையும் வண்டியில் ஏற்றி அனுப்பவில்லை. சுத்தமான கையோடு எனக்குப் பாவமன்னிப்பு சொல்லித்தராதே.

இன்னும் கையெழுத்திடவில்லை. தளபதி தினமும் கேட்கிறார். "பேனா இல்லியா மொம்சில், நான் தரட்டுமா?" என்கிறார்.

மொ.

*

சோஃபியா
25 ஜனவரி 2002

அண்ணா,

என் கை சுத்தம் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத எட்டு நாள் ஆயிற்று. நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்கிறேன்.

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "உண்மை என்னவோ அதை மட்டும் எழுதுகிறேன்" என்று பெருமையாக எழுதிவிட்டு, பாதியை விழுங்கினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரியில், திட்டத்தின் வாகனப் பகுதியைப் பெரிய கூட்டத்தில் வைக்க வேண்டியிருந்தது. முந்தைய வாரம் உதிரிபாகக் கிடங்கின் பதிவுகளை உங்கள் படிவங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. எனக்குப் பொருத்திப் பார்ப்பது பிடிக்கும், அவ்வளவுதான். ப்ரெஸ்தா இரண்டரை ஆண்டுகளில் ஒரு பிரேக் லைனிங்கூடக் கிடங்கிலிருந்து வாங்கவில்லை. பதினொரு லாரி, மலைப்பாதை, இரண்டரை ஆண்டு, ஒரு லைனிங்கூட இல்லை. அப்பா டிராக்டர் ஓட்டியவர். ஓடுகிற வண்டி எதையாவது தின்னும் என்று எனக்குத் தெரியாதா? தின்னாத வண்டி ஓடாத வண்டி.

ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

கூட்டத்தில் வெளிநாட்டு ஆலோசகர் இருந்தார், மூன்று ஜெனரல்கள் இருந்தார்கள். திரையில் ஒன்பது படைப்பிரிவுகளும் பச்சை, மஞ்சள், சிவப்பாக ஒளிர்ந்தன. ப்ரெஸ்தா பச்சை. மதியச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும். விளாதோவ் என் பக்கம் திரும்பி, "ஏதாவது இருக்கா பொண்ணே?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் முகம் சிவந்தது. "இல்ல ஐயா" என்றேன்.

பயந்தது பேசுவதற்கு மட்டும் என்றால் உன்னிடம் முன்பே சொல்லியிருப்பேன். அது உன் கையெழுத்து என்று தெரியும். நீ பொய் எழுதியிருக்கிறாய் என்று அந்த நிமிடமே தெரியும். கேள்வி கேட்டால் உன்னைத்தான் பிடிப்பார்கள் என்றும் தெரியும். மேஜைக்குத் திரும்பி வந்து, ரப்பரால் அந்தக் கேள்விக்குறியை அழித்தேன். பிறகு 2006 என்று எழுதினேன்.

ஆக, நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு இருபத்தொரு மாதம் முன்பே, நான் அந்த வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீயாவது ராங்கெலிடம் இரண்டாவது கியரில் இறக்கு என்று சொன்னாய்.

41ஆம் பக்கத்தைப் பற்றி நீ எழுதியது சரி. அந்த வரியை நான் எழுதவில்லை, ஆனால் மூன்று முறை பிழைதிருத்தினேன். உண்மை சொன்னவனுக்குப் பூட்டு, பொய் சொன்னவனுக்குப் பெட்ரோல் என்று ஒரு நாட்டில் எழுதி வைத்தால் எல்லோரும் பதினொன்று என்றுதான் எழுதுவார்கள். கிடங்குப் பதிவுகளோடு மற்ற எட்டுப் படைப்பிரிவுகளையும் இப்போது ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறு பேர் உன்னைப் போலத்தான். நீ ஒருவன் அல்ல. எங்கள் பத்தாண்டுத் திட்டம் ஏழு படைப்பிரிவுகளின் பொய்யைக் கூட்டிப் பெருக்கி 2010 வரை இழுத்த கோடு. வழவழ தாளில்.

இத்தனைக்குப் பிறகும் அதை நெருப்பில் போடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உனக்கு எரிச்சல் வரும், தெரியும். ஆனால் ஆட்டுக்குட்டி காலத்தில் இந்த விபத்து நடந்திருந்தால் ஒரு தாளும் இருந்திருக்காது. 'கடவுள் விதி' என்று ராங்கெலைப் புதைத்திருப்பார்கள், அல்லது நாற்காலியில் உட்கார்த்தியிருப்பார்கள். இப்போது உன் பொய்யும் என் பொய்யும் தேதியோடு பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் புத்தகம் இன்றைக்கு உபயோகப்படுவது அந்த ஒன்றுக்குத்தான்.

நேற்று எல்லாவற்றையும் ஆறு பக்கமாக எழுதி விளாதோவ் மேஜையில் வைத்தேன். கேள்விக்குறியையும் சேர்த்து. 41ஆம் பக்கத்தை மாற்ற வேண்டும் என்றும் எழுதினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொண்ணே, நீ ஒரு கேள்விக்குறிய அழிச்சே. நான் முப்பது வருஷமா பக்கம் பக்கமா அழிச்சிருக்கேன். ஒருத்தனும் ஜெயிலுக்குப் போகல."

"அதனாலதான் ஐயா" என்றேன்.

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்தாள். விளாதோவ் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு, "இத நான் வாங்கினேன்னு முத்திரை போடட்டுமா, வேணாமா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். போட்டார். முத்திரை விழுந்த தாளை இனி யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. எனக்கு இந்த வேலை மார்ச் வரை இருக்குமா தெரியவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று பால்காரன் வரை சொல்லி வைத்திருக்கிறாள்.

ஒரு வழக்கறிஞரையும் பார்த்தேன். நீயாகவே முன்வந்து சொன்னால் தண்டனையை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு என்றார். வாய்ப்பு என்றுதான் சொன்னார். நான் அதை 'கிடைக்கும்' என்று உனக்கு மாற்றி எழுத மாட்டேன். நாம் இருவரும் மாற்றி எழுதியது போதும். ப்ரெஸ்தாவை மூடவும் மூடலாம். என்னால் தடுக்க முடியும் என்று சொல்ல மாட்டேன்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என்மேல் உனக்கும் தீர வேண்டாம். கோபத்தோடே வா. ராங்கெல் உன்னைக் கேட்டபடி இருக்கிறான். பிப்ரவரி 3ஆம் தேதி மாலை ரயிலில் ஏறினால் போதும். இந்த முறை பெட்டிக்குள் ஏறு.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஏழு கடிதங்களில் நாலு என்னுடையவை. நாலிலும் இதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், இதுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

இந்த அரையாண்டுக்கான படிவத்தை உறைக்குள் வைத்திருக்கிறேன். ப்ரெஸ்தா என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். 'உள்ளவை' என்ற கட்டத்தில் பத்து. ஏழாம் நம்பர் இப்போது இரும்புக் குவியல், அது எல்லோருக்கும் தெரியும். 'வரிசையில்' என்ற கட்டம் காலி. தளபதியின் வாக்குமூலத்தை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு, இந்தத் தாளில் கையெழுத்திட்டு, 4ஆம் தேதி காலை விசாரணைக்கு எடுத்து வா. என் ஆறு பக்கத்தோடு நான் வாசலில் நிற்பேன்.

அந்தக் கட்டத்தில் இன்று காலை எத்தனை வண்டி உண்மையிலேயே ஓடியதோ அதை எழுது, அண்ணா. எண்ணாகப் போடாதே, யாராவது ஒரு கோடு சேர்த்து வேறு எண்ணாக்கிவிடுவார்கள். எழுத்தால் எழுது.

நெவேனா